ஆறு பேரும் ஐந்து வாக்கும்

கடந்த நகரசபைத் தேர்தல் நேரம் எங்கள் வீட்டுப் புல்வெளியில் நான்கு வேட்பாளர்களின் பதாகைகள் நின்றன. நான்கு பேரும் ஒரே பதவிக்குப் போட்டியிட்டவர்கள். இதில் என் பிழை ஒன்றும் இல்லை. கதவைத் தட்டி, "தங்கச்சி, உங்கடை அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்று தொடங்குகிற மனிதரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்று சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவோம். ஊரைவிட்டு வந்து எங்கள் சனம் குடியேறிய மல்வேர்னில் எங்கள் தெரு முழுக்க அந்த மாதம் இதே கூத்துத்தான்.

அந்த நான்கில் ஒன்று என் அத்தானுடையது. அக்காவின் கணவர். முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து ஓய்வுபெற்றவர், வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர். எங்கள் தெரு முனையிலுள்ள பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. ஒருநாள் அங்கே நின்று தொப்பலாக நனைந்து வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டே, தான் நகரசபைக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். கொள்கை ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தரிப்பிடத்துக்குக் கூரை. துண்டுப் பிரசுரத்தில் தரிப்பிடத்தின் படம் இருந்தது, பக்கத்தில் அவரும் நின்றார். இரண்டுமே பரிதாபமாக இருந்தன.

பிரசாரத்துக்குப் பொறுப்பு என் பெறாமகள், அக்காவின் மகள். அக்கா இரண்டு வேலை செய்த காலத்தில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்போது ஒவ்வொரு நாள் காலையும் தன் காரில் என்னைச் சப்வே ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடுவாள். அந்த இருபது நிமிடம்தான் என் நாளிலேயே நல்ல நேரம். வீட்டில் யாருக்கும் சொல்லாததையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். நானும் யாருக்கும் சொல்லமாட்டேன், என் கணவரைத் தவிர.

வாக்களிப்பு நாளன்று பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்துக்கு ஆறு பேர் ஒன்றாகப் போனோம். அத்தான், அக்கா, அவர்களுடைய மகள், மகன், நான், என் கணவர். அத்தான் கோட் போட்டிருந்தார். அக்கா கோயிலுக்குக் கட்டும் சேலை. நீளமான வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்திலிருந்த சின்ன வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி இயந்திரத்துக்குள் தள்ளினோம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அத்தானுக்குத்தான் போட்டேன். அவர் வெல்லுவார் என்றோ, வென்றால் ஏதாவது செய்வார் என்றோ நினைத்துப் போடவில்லை. அக்காவின் புருஷன், வேறு என்ன செய்வது?

அத்தான் தோற்றார். கீழேயிருந்து எண்ணினால் கெதியாகக் கண்டுபிடிக்கலாம். அது பெரிய விசயமில்லை, அவரே எதிர்பார்த்ததுதான். வினை பிறகுதான் வந்தது. சில நாட்களில் நகரசபை ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் தனித்தனியாக முடிவுகளை வெளியிட்டது. பெறாமகள் அதை அக்கா வீட்டு ரிவித் திரையில் எல்லோரும் பார்க்கப் பெரிதாகப் போட்டாள். எங்கள் பாடசாலை மண்டபத்தில் அத்தானுக்கு விழுந்தது ஐந்து.

"ஆறு பேர் ஒண்டாப் போனனாங்கள். அஞ்சு வோட்" என்றாள். "சோ, இதிலை ஆரோ பொய் சொல்லினம்."

எல்லோருடைய கண்ணும் என்னிடம் வந்தது. நாலு பதாகை நட்ட புல்வெளிக்காரி வேறு யார்?

"பிள்ளை, நான் உங்கடை அப்பாவுக்குத்தான் போட்டனான்" என்றேன்.

"ஐ'ம் நாட் மேட், சித்தி. ஐ'ம் ஜஸ்ட் டிஸப்பொயின்டட்."

கோபித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அத்தான் குனிந்தபடி ரோல்ஸ் சாப்பிட்டார். அக்கா தேவையில்லாமல் எழுந்து குசினிக்குப் போனாள். மறுநாள் காலை கார் வரவில்லை. நான் அந்தக் கூரையில்லாத தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

இரண்டு கிழமை அங்கே நின்றேன். கார்த்திகை மழை சாய்ந்து அடிக்கும். அத்தானின் கொள்கை எவ்வளவு சரியானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நனைந்ததைவிட, அந்தப் பிள்ளை என்னை நம்பவில்லையே என்பதுதான் நெஞ்சை அரித்தது. என் கணவர்கூட ஒரு நாள், "உண்மையைச் சொல்லும், ஆருக்குப் போட்டனீர்?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை, அவருக்குச் சம்பலும் பாணும்தான்.

கலிபோர்னியாவிலிருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்து அழுதேன். அங்கே ஆட்களைத் தெரிவுசெய்வது மட்டுமல்ல, வரி கூட்டலாமா, பாலம் கட்டலாமா என்றும் வாக்குச்சீட்டிலேயே கேட்பார்களாம். இங்கேயும் "கூரை வேண்டுமா?" என்று நேரே கேட்டிருந்தால், அத்தானை நடுவில் விடாமலே காரியம் முடிந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிறு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. பெறாமகள் எனக்குச் சோற்றுக் கோப்பையை நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். அவ்வளவுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"இஞ்சை பார், உன்னை வளர்த்த கையாலை சத்தியம் பண்ணிச் சொல்லுறன். நான் போட்டனான்! நம்பாட்டி விடு, நான் இனி இந்த வீட்டுக்கு வரேல்லை!"

அத்தான் கரண்டியை வைத்தார்.

"அவவை விடு பிள்ளை. அது நான்."

"வட்?" என்றாள் பெறாமகள்.

"என்ரை பேருக்கு நானே எப்பிடிப் போடுறது? பந்தியிலை என்ரை இலைக்கு நானே பாயாசம் ஊத்தின மாதிரிக் கிடந்துது. வெக்கமாப் போச்சு. என்னோடை படிச்சவன் ஒருத்தனும் எலெக்சன் கேட்டவன்தானே, அவனுக்கு ஓம் எண்டு சொன்னனான். அவனுக்குப் போட்டுட்டன்."

பெறாமகள் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். "ஐயோ, சித்தி..." என்று எழுந்து வரத் தொடங்கினாள். அப்போதுதான் அக்கா, கையில் நண்டுக் குழம்புச் சட்டியோடு, அத்தானைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப, நான் போடாத வோட்?"

பெறாமகள் பாதி வழியில் நின்றாள்.

"அம்மா!"

"நான் என்ன செய்ய? இந்த மனுசன் வெண்டால் ஊரிலையிருக்கிற எல்லா அரங்கேற்றத்துக்கும் கூப்பிடுவாங்கள். முன் வரிசையிலை சீலையோடை மூண்டு மணித்தியாலம் ஆர் இருக்கிறது? நான்தானே!"

இரண்டு கிழமையாக இரண்டு பேரும் அந்த ஐந்தைப் பார்த்து, குறைகிற வாக்குத் தன்னுடையது என்று தனித்தனியே நினைத்துக்கொண்டு, என்னை மழையில் நிற்க விட்டிருக்கிறார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் பெறாமகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா இல்லை. அம்மா இல்லை. அப்ப நாலுதான் வரவேணும். அஞ்சு எப்பிடி?"

அத்தான் மெதுவாக எழுந்து ஜன்னலடிக்குப் போனார். அத்தனை மாதமாக எத்தனை வீட்டில் அவருக்கு "ஓம் ஓம்" சொன்னார்கள், எத்தனை தேத்தண்ணி குடித்தார். இந்தத் தெருவில் ஓம் சொன்னவர்களெல்லாம் கைவிட்டிருக்க, உறவும் இல்லாத யாரோ ஒருவர் அவருடைய பெயரைத் தேடி வட்டத்தை நிரப்பியிருக்கிறார்.

"ஆரோ போட்டிருக்கினம்" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது. அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்காமேல் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை கார் வந்தது. ஏறி இருந்ததும் பெறாமகள் என் கையைப் பிடித்து, "சொறி, சித்தி" என்றாள். தெரு முனையில் திரும்பும்போது வேகத்தைக் குறைத்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேருக்கு நடுவில், எங்கும் போக வேண்டிய தேவையில்லாத அத்தான், கோட்டோடு நனைந்துகொண்டு, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.