பாறை குடித்த பால்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. அதற்குப் பிறகு மில்லில் நூல் பிடித்ததுதான் அதிகம், பேனா பிடித்தது குறைவு. எழுத்துப் பிழையும் இருக்கும். அணைக்கு எந்த ‘ண’ என்று மகளிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். மற்றதை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது என் தாய்மாமா மேற்கே மலைக்குள் ஓர் அணைக்கட்டில் வேலை பார்த்தார். கரண்டு எடுப்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்த பெரிய அணை. பாதி எழும்பி, ஓரளவு தண்ணீரும் தேங்கியிருந்தது. இடம்தான் சரியில்லை. ஆற்றுக்கு அடியில் இருந்த பாறை, மேலே பார்த்தால் யானை முதுகு மாதிரி இருக்குமாம். துளை போட்டுப் பார்த்தால் உள்ளே நொறுங்கிய அப்பளமாம். அதன்மேல் அப்படியே அணையை உட்காரவைத்தால் தண்ணீர் அடிவழியாகப் போய்விடும். அதனால் எஞ்சினியர்கள் வரைபடத்தை மாற்றி, அணைக்குக் கீழே பூமிக்குள் ஒரு திரை போடச் சொன்னார்கள். வரிசையாக ஆழத் துளை போட்டு, சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து, அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். அது விரிசலுக்குள் எல்லாம் புகுந்து இறுகிச் சுவராகிவிடும். அந்தக் கரைசலுக்கு வேலையாட்கள் சொல்லும் பேர் பால். அதை ஊற்றுகிறதுதான் மாமாவின் வேலை.

மலைக்காட்டில் கிடக்கிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பார்த்த வீடெல்லாம் தட்டிப்போனது. கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இடம் அமைந்தது. பால்கோவா போடுகிற குடும்பம். இதுவும் போனால் இனிமேல் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“என்ன வேலைன்னு கேட்டா, பால் ஊத்துறேன்னு சொல்லித் தொலையாத. எழவு வீட்டுப் பேச்சு அது.”

“பொறவு என்னக்கா சொல்ல?”

“குடுக்குறேன்னு சொல்லு.”

கூடப் போன எனக்கும் ஒரு கட்டளை இருந்தது. பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. என்ன வைத்தாலும் தொடக் கூடாது. ஆனால் பெண்ணின் அப்பா வாழையிலைத் துண்டில் என் முன்னால் வைத்தது, அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த பால்கோவா. ஆவி பறந்தது. அம்மாவின் விரல்கள் என் தொடைமேல் தயாராக இருந்தன.

“தம்பிக்கு அணையில என்ன வேலை?” என்று பெண்ணின் அப்பா ஆரம்பித்தார்.

“பால் குடுக்குற வேலைங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம தொழில்தானா! நாளைக்கு எம்புட்டுப் போகும்?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. சில நாள் ரெண்டு மூட்டையோட முடிஞ்சிரும். சில நாள் லாரி லாரியா வந்தாலும் பத்தாது.”

“மூட்டையா? பவுடரா?”

“பவுடர்தாங்க. தண்ணி கலந்துதான் குடுக்கணும்.”

“எம்புட்டுத் தண்ணி?”

தொழில் விஷயத்தில் மாமாவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. “மொதல்ல ஒண்ணுக்கு அஞ்சுங்க. குடிக்கிற தோதப் பாத்துப் பொறவு கெட்டியாக்குவோம்.”

பெண்ணின் அப்பா எழுந்தே விட்டார். “ஏம்மா, பால்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருந்தாலும் எங்க வீட்டுல அன்னைக்கு அடுப்பே எரியாது. அஞ்சு பங்கு கலக்குறேன்னு தம்பி கூசாமச் சொல்லுதாரே!”

கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“ஐயோ, அது சிமெண்டுப் பாலுங்க!” என்று அம்மா கத்தினாள். “பாறைக்குக் குடுக்குறது!”

திரை, துளை, விரிசல் எல்லாவற்றையும் மாமா விளக்கிச் சொன்ன பிறகு அவர் உட்கார்ந்தார். ஆனால் சந்தேகம் மாமாவை விட்டு அணைமேல் ஏறிக்கொண்டது.

“இம்புட்டையும் குடிச்ச பொறவு அணை ஒழுகாதுல்ல?”

அம்மா மாமாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் இலையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“ஒழுகுங்க” என்றார் மாமா.

நான் எதையும் தொடவில்லை. ஆனாலும் தொடையில் கிள்ளு விழுந்தது.

“ஒழுகுற அணையக் கட்டவா மலைமேல போய்க் கெடக்கீக?”

மாமா தலையைத் தூக்கவே இல்லை. “திரையத் தாண்டியும் கொஞ்சம் வரத்தாங்க செய்யும். அது வெளிய வாரதுக்குன்னே பின்னால ஓட்டை விட்டிருக்கு. அடைச்சு வச்சா அடியில முட்டி, அணையவே தூக்கப் பாக்கும்.”

“அந்த ஒழுகுற தண்ணிய யாரு பாக்கா?”

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது பெண்ணின் குரல். அவள் அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். மாமா முதல்முறையாக நிமிர்ந்தார்.

“நாங்கதான். அணை வயித்துக்குள்ள ஒரு பாதை இருக்கு. தெனமும் போய் அளந்து பாப்போம். கூடினாலும் பயம், நின்னாலும் பயம்.”

அதே குரல், “அப்பா, பால் கொதிக்கையில நம்ம சட்டிய மூடியா வைக்கோம்?” என்றது.

பெண்ணின் அப்பா அடுப்புப் பக்கம் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இலையில வச்சது ஆறுது பாருங்க மாப்ளே. சாப்பிடுங்க.”

தம்பி போய் மாப்பிள்ளை வந்ததை அம்மா கவனித்துவிட்டாள். விரல்கள் என் தொடையை விட்டு இறங்கின. எனக்கு அது போதும்.

ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவோடு நான் பேசவில்லை. ‘ஒழுகாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பால்கோவாவைச் சூடாகவே தின்றிருக்கலாம். அது ஏன் இவருக்குச் சொல்ல வரவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

போன வாரம் இதை அத்தையிடம் சொன்னேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தவர்தான். இப்போது பல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிரிப்பு குறையவில்லை.

“ஒழுகாதுன்னு அவுக சொல்லியிருந்தா, ஒனக்கு ஆறினதும் கெடச்சிருக்காதுலே” என்றார்.

இதை எழுத இத்தனை காலம் கூச்சப்பட்டேன். இன்று ஆடி பதினெட்டு. எழுதிவிட்டேன்.