ஞாயிறு எட்டு மணிப் பாட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்குப் ‘பாட்டுக்காரர்’ என்று பெயர் விழுந்ததற்கும் அவர் தொண்டைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் பாடினால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். யாரும் கேட்காத பாட்டுகளைத் தேடிப்பிடித்து நாலு பேருக்குச் சொல்வதுதான் அவர் வேலை. நாலு பேர் என்றால், சரியாக அறுபத்திரண்டு பேர்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் செல்போனிலிருந்து ஒரே தட்டலில் அத்தனை பேருக்கும் தனித்தனியாக ஒரு பாட்டு போகும். குழு ஆரம்பித்தால் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து பாட்டை அமுக்கிவிடும் என்று, எல்லார் எண்ணையும் சேர்த்த ஒரு பட்டியலோடு நிறுத்திக்கொண்டார். ஆயிரம் பேருக்கு மேல் கேட்ட பாட்டைத் தொடமாட்டார். தான் பத்துமுறை கேட்காமல் அனுப்பமாட்டார். “அக்காவும் தங்கையும் சமையலறையில் பதிவு செய்தது. நடுவில் குக்கர் விசிலடிக்கும். அதை வெட்டாமல் விட்ட தைரியத்துக்காகவே கேளுங்கள்” என்கிற மாதிரி மூன்று வரி எழுதுவார். அந்த மூன்று வரிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போய்விடும். வேறு எதற்கும் அந்தச் சாயங்காலம் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் பத்துப் பதினைந்து பதில் வரும். ஒன்றரை வருடமாக ஒன்றுகூட இல்லை. தன் ரசனை மட்டமாகிவிட்டதோ என்று மனிதர் உடைந்துபோனார். சின்னப் பாட்டாக அனுப்பிப் பார்த்தார். கொள்கையை விட்டு, ஊரே முணுமுணுத்த பாட்டு ஒன்றையும் வெட்கத்தோடு அனுப்பினார். அதற்கும் பேச்சு மூச்சில்லை.

அப்போதுதான் முன்பு அதே கடையில் கண் பரிசோதித்த பெண், விரிசல் விட்ட கண்ணாடியோடு வந்தாள். வேறு கடைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

“என்னண்ணே, பாட்டு அனுப்பறத நிறுத்திட்டீங்க? எம்மேல ஏதாவது கோவமா?”

“நான் எங்கம்மா நிறுத்தினேன்? போன வாரங்கூட அனுப்பினேனே. நீங்கதான் யாரும் கண்டுக்கல.”

அவள் அவர் செல்போனை வாங்கிப் பார்த்தாள். “இது வேற நம்பராச்சே!”

“பழைய போன் பஸ்ல தொலைஞ்சுபோச்சு. டைரிய பாத்து எல்லா நம்பரையும் ஏத்தி, இது என் புது நம்பர்னு எல்லாருக்கும் சொன்னேனேம்மா.”

“எப்படிச் சொன்னீங்க?”

“இந்தப் பட்டியல்லதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “அண்ணே, உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தான் பட்டியல்ல அனுப்பறது போகும். மத்தவங்களுக்குப் போகவே போகாது.”

எழுபத்தெட்டு ஞாயிறு. யாரும் அவரை அலட்சியம் செய்யவில்லை. ஒரு நிமிடம் அவருக்கு நெஞ்சு லேசானது. மறுநிமிடமே வேறொன்று உறைத்தது. பாட்டு நின்றுபோனதே என்று அறுபத்தோரு பேர் கேட்கவில்லை.

அவள் அங்கேயே நின்று அவர் எண்ணைப் பதிந்துகொண்டு போனாள். அவர் தம்பியைக் கூப்பிட்டார். அவனும் பட்டியலில் இருப்பவன்தான். கூடப்பிறந்தவன், இதற்கு நடுவில் மூன்று தடவை பேசியவன்.

“ஹலோ, யாரு?” என்றான் தம்பி.

மூன்று தடவையும் அவன் அப்படித்தான் எடுத்தான் என்பது இப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

“நான்தான்டா. இந்த நம்பர சேவ் பண்ணிக்கோ.”

“பண்ணிக்கறேண்ணே. ஏதாவது அவசரமா?”

“அவசரமெல்லாம் இல்லப்பா.”

ஞாயிறு எட்டு மணிக்குப் பாட்டை அனுப்பிவிட்டு, யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று முதல்முறையாகத் திறந்து பார்த்தார். கண் பரிசோதிக்கும் பெண்ணின் பெயர் இருந்தது. தம்பி தூங்கி எழுந்திருக்கமாட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பத்து மணிக்குப் பார்த்தார், பன்னிரண்டுக்குப் பார்த்தார். ஒரே பெயர்தான்.

தம்பியை மறுபடி கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. பட்டியலை அழித்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு மட்டும் எழுதினார்: “விட்டுப்போனது எழுபத்தெட்டு இருக்கும்மா. முதல்லேர்ந்து அனுப்பட்டுமா?”