பானட்டில் மாம்பால்

எந்த வண்டியையும் நான் மரத்தடியில் நிறுத்துவதில்லை. மரத்திலிருந்து காலால் அளந்து பதினோரு எட்டாவது தள்ளி நிறுத்தினால்தான் மனம் அடங்கும். வெயிலில் வண்டி கொதிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள். திட்டட்டும். இந்தப் பதினோரு எட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. என் மனைவியின் அண்ணனிடம், அதாவது என் மச்சானிடம், கார் இருந்தது, அவருக்கு ஓட்டத் தெரியாது. ஒரு பழைய அம்பாசிடர். தேவைப்படும் நாளில் டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்வார். டிரைவர் கிடைக்காத நாளில் என்னைக் கூப்பிடுவார். மற்ற நாட்களில் காலையும் மாலையும் துணியால் துடைப்பார். அவ்வளவுதான் அவருக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு. ஆனால் அது நெருக்கமான உறவு.

அந்த மே மாதம் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை காலை மாதா கோயிலில் பூசை. தன் பெண் தன் சொந்தக் காரில்தான் கோயில் வாசலில் போய் இறங்க வேண்டும் என்பது மச்சானின் பிடிவாதம். அதற்காகவே காரைப் பதினெட்டு நாள் பெயின்டரிடம் விட்டு, பழைய கறுப்பை மாற்றிச் சந்தன நிறம் அடித்தார். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கல்யாணப் பெண். மூன்று தடவை மாற்றிச் சொன்னாள், மூன்று தடவையும் அவர் சரி என்றார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, நத்தம் பக்கத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பத்திரிகை வைக்க விட்டுப்போனது தெரிந்தது. தபாலில் அனுப்பினால் வர மாட்டார்கள், வந்தாலும் வாழ்நாளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நேரில் போய்த் தட்டில் பழமும் கற்கண்டும் வைத்துப் பத்திரிகை கொடுத்தாக வேண்டும். மச்சானுக்கு நேரமில்லை. பெண்ணுக்கு அத்தையும் மாமாவும் நாங்கள்தானே என்று என்னையும் என் மனைவியையும் சனிக்கிழமை காலை காரோடு அனுப்பினார். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“வெயில்ல மட்டும் நிறுத்திராதீங்க மாப்ள. புதுப் பெயின்ட், வெளுத்துரும்.”

எட்டு வீடுகளிலும் நிழல் தேடித் தேடி நிறுத்தினேன். ஒன்பதாவது வீடு மச்சான் மனைவியின் தாய்மாமனுடையது. மாந்தோப்புக்குள் வீடு. நிழலுக்குப் பஞ்சமில்லை. தோப்பிலேயே பெரிய மரமாகப் பார்த்து, அதன் அடியில் நிறுத்தினேன்.

பெரியவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாண வீட்டிலிருந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா என்று வலை கட்டிய நீளக் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டிக்கு நேர் மேலே இருந்த கிளையில்தான் காய் நன்றாக முற்றியிருக்கிறது என்றார். பறித்த காய்களை அவர் பேத்திகள் இருவர் காருக்குப் பக்கத்திலேயே நின்று காம்பொடித்து டிக்கியில் அடுக்கினார்கள். காம்பை ஒடிக்கும்போது மாங்காய்ப் பால் எப்படிப் பீச்சும் என்பது நம் ஊரில் வாய் வெந்துபோன ஒவ்வொருவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. பாலை எண்ணவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வெயிலும் புழுதியும். வீடு வந்து சேர்ந்தபோது கார் முழுக்க ஒரே மண் நிறம். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து, மச்சானிடம் ஒப்படைக்கும் முன் கழுவலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். புழுதி இறங்கியது. புள்ளிகள் இறங்கவில்லை. பழுப்பு நிறத்தில், மிளகளவிலிருந்து நாலணா அளவுவரை. பானட்டில் முப்பத்தெட்டு, கூரையில் இருபத்து மூன்று. ஆக அறுபத்தொன்று. சரியாக எண்ணினேனா என்ற சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்றுதான்.

சோப்புத் தண்ணீருக்கு ஒன்பது போயிற்று. மீதி ஐம்பத்திரண்டும் அசையவில்லை. பெயின்டர் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். பானட்டையும் கூரையையும் முழுசாகத் திரும்ப அடித்தால்தான் ஒரே நிறமாக இருக்கும், எட்டு நாள் ஆகும் என்று குளிக்கப் போகிற அவசரத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். கையில் இருந்தது இரண்டரை நாள். பக்கத்து வீட்டுக்காரர், பெயின்டையே கரைத்துவிடும் தின்னரைப் போடச் சொன்னார். அவருக்குக் கல்யாணமும் இல்லை, காரும் இல்லை.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வெண்கலக் குத்துவிளக்கில் எந்தக் கறையும் புளிக்கு நிற்காது. ஓர் உருண்டைப் புளியையும் ஒரு பிடி தேங்காய் நாரையும் எடுத்து, பானட்டின் நடுவில் இருந்த பெரிய புள்ளியை ஒரு நிமிடம் தேய்த்தேன். கறை போய்விட்டது. அதோடு பளபளப்பும் போய், ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் மூன்று தடவை மாற்றிச் சொல்லித் தேர்ந்தெடுத்த நிறம்.

என் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். என் கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டாள்.

“ஏங்க, பலாப்பழம் அறுக்கையில கையில ஒட்டுற பால நாரு போட்டா தேய்க்கிறோம்? எண்ணெயத் தடவுனா தன்னால வந்துருது. இதுவும் பாலுதானே.”

தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் என்னுடைய பழைய வேட்டியும் வந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணெய் நனைத்த துணித் துண்டை ஒட்டி வைத்தோம். செத்த நேரம் ஊறட்டும் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். செத்த நேரம்தான் என்றாள். நான் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். அழுத்தாமல், விரலால் வட்டமாக, சுத்தமான துணியில் துடைத்தபோது முதல் புள்ளி கரைந்து வழுக்கி வந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுத்த துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவது புள்ளியில் இருக்கும்போது மச்சான் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, எண்ணெய் வழிய நின்ற காரையும் எங்களையும் பார்த்தார்.

“என்ன மாப்ள, வண்டிக்கு எண்ணெய்க் குளியலா? ஆம்பளைக்கு நேத்து சனிக்கிழமைல தேய்ச்சிருக்கணும்.”

நான் நடந்ததைச் சொன்னேன், எண்ணிக்கையோடு. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பானட்டின் நடுவில் குனிந்தார்.

“இது மாம்பால் இல்லையே.”

“புளி,” என்றேன்.

“யாரு தேய்ச்சது?”

“நான்தான்,” என்றேன். அதே நேரத்தில் என் மனைவியும் “நான்தாண்ணே,” என்றாள்.

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இம்புட்டு எடத்த ரெண்டு பேரு தேய்க்க முடியாதே,” என்றார். பிறகு காரை இன்னொரு சுற்று சுற்றி வந்தார். அதற்குள் நான் வாசலில் பதித்திருந்த கற்களை எண்ணினேன். முப்பத்திரண்டு. கடைசியில் கேட்டார்:

“எத்தன காய் குடுத்தாரு?”

“நூத்திப் பன்னெண்டு.”

“எனக்கு எத்தன வச்சிருக்கீங்க?”

எல்லாமே உங்களுக்குத்தான் மச்சான் என்றேன். பாதி போதும் என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். தன் காரைத் துடைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல் அவ்வளவு இலேசாக இருந்தது.

எண்ணெய்க்கு மொத்தம் நாற்பத்தைந்து போயிற்று. எஞ்சியவை ஆறு. எல்லாம் பானட்டில், எஞ்சின் சூட்டில் வெந்து பெயின்டுக்குள் இறங்கி, நிழல்போல நின்றுவிட்டவை. ஆறு நிழலும் ஒரு வழுக்கையும், ஆக ஏழு. பிறகு வடிகட்டிய சீயக்காய்த் தண்ணீரால் எண்ணெயை இறக்கினோம். எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போடாமல் எப்படி விடுவது என்றாள் அவள்.

கல்யாணத்தன்று காலை பானட்டில் ரோஜாச் சரங்களை நெருக்கமாக ஒட்டினார்கள். எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டியது நான். டிரைவர் வரவில்லை. வரவில்லையா, மச்சான் சொல்லி அனுப்பவில்லையா என்று நான் கேட்கவில்லை. சாவியை என் கையில் கொடுத்தார். பின்சீட்டில் பெண்ணும், பக்கத்தில் அவள் அத்தையும் உட்கார்ந்தார்கள். மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாதி வழியில் காற்றுக்கு ஒரு சரம் பிய்ந்து பறந்தது. வழுக்கை தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் இன்னொரு சரம். நிழல் ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு வேர்த்துவிட்டது. இன்னும் எத்தனை வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார்.

பின்னாலிருந்து பெண் பேசினாள். வெள்ளை முக்காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“மொத்தம் ஏழுதான் மாமா. அத்தை சொன்னாங்க. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பிலா வேறெதிலா என்று தெரியவில்லை. கோயில் வாசலில் நிறுத்தும்போது அங்கே பெரிய வேப்பமரம் ஒன்று நிழல் விரித்து நின்றது. எல்லோரும் அங்கே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நான் தள்ளிப்போய் வெயிலில் நிறுத்தினேன். மச்சான் இறங்கி, மகளுக்குக் கதவைத் திறந்தார்.