செத்தவீட்டு மெசினில் ஒரு கிளினிக் பயணம்

இது கலப்படமில்லாத உண்மைக் கதை. சரி, சரி, எமன் வருகிற இடம் மட்டும் நான் சேர்த்தது. முறைக்காதீர்கள்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு குடியேற்றம். அதில் றோட்டுக்கரை வயசாளிகளுக்குச் சாவே வராது. எமன் வந்தாலும் கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்து, "இண்டைக்குக் கிளினிக், பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். காட்டுக்கரையில் அறுபது தாண்டினால் ஆட்கள் பொலபொலவென்று உதிர்ந்தார்கள். அங்கே பஸ் போகாது. பிரஷர் குளிசை முடிந்தால் முடிந்ததுதான்.

இரண்டு கரைக்கும் ஒரே மரண உதவிச் சங்கம். செத்தவீடு என்றால் பந்தல் போட, விறகு கொத்த, வீட்டுக்கு ஓராள் போகவேண்டும். கதிரைகளையும் பிரேதத்தையும் ஏற்றும் சங்கத்து உழவு மெசினை, அதுதான் பெட்டி பூட்டிய டிராக்டரை, ஓட்டுபவர் காட்டுக்கரைப் பழனியாண்டி.

ஒருநாள் கூட்டத்தில் றோட்டுக்கரை மயில்வாகனம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"ஏன் பழனி, உங்கட பக்கம் ஒரு கிழமை சாகாமல் இருக்கமாட்டியளோ? விறகு கொத்தியே என்ர நாரி முறிஞ்சு போச்சு. நாங்கள் பிரிஞ்சு போறம்."

பழனியாண்டி கணக்குப் பார்த்தார். இவர்கள் பிரிந்தால் காட்டுக்கரையில் பாடை தூக்கவும் தோள் காணாது. அவருடைய மனைவி பேச்சியம்மாவுக்கோ சீனி வருத்தம், மருந்து தவறக்கூடாது.

"அண்ணை, செத்த பிறகு ஏத்துற மெசின்தானே? சாக முன்னம் ஏத்தினா என்ன?" என்றார்.

"ஏத்திப் பாரன்" என்றார் மயில்வாகனம்.

செவ்வாய்க்கிழமை காட்டுக்கரைக் கிழடுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு பழனியாண்டி கிளினிக்குக்குக் கிளம்பினார். மெசினில் கட்டியிருந்த செத்தவீட்டு வெள்ளைக்கொடியைக் கழற்ற மறந்துவிட்டார். றோட்டுக்கரையில் கொடியைக் கண்டதும் கடைகள் படார் படாரென்று பூட்டின. மயில்வாகனம் கோடாலியோடு ஓடிவந்தார்.

"ஆர் மோசம் போனது?"

பேச்சியம்மா மேலேயிருந்து கத்தினாள்: "ஒருத்தரும் சாகல. கோடாலியக் கொண்டுபோய் வீட்ல வைங்க!"

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் மெசின் போகிறது. காட்டுக்கரைச் செத்தவீடுகள் குறைந்தன. மயில்வாகனத்தின் நாரியும் நிமிர்ந்தது. பிரிகிற கதையை ஒருவரும் எடுப்பதில்லை.

இதை நான் இரண்டு கரை ஆட்களும் கூடியிருந்த தேத்தண்ணிக்கடையில் சொல்லி முடிக்கமுன்னமே மயில்வாகனம் மேசையில் அடித்தார்.

"அப்ப மெசின் ஏன் எங்கட வாசல் படலையில நிக்கிறேல்ல? நாங்களும் சங்கம்தானே?"

"உங்களுக்குத்தான் பஸ் இருக்கே!" என்றாள் பேச்சியம்மா.

"பஸ்ஸில நிண்டுகொண்டு போகேலாது. வாற செவ்வாய் முன்னுக்கு நான்தான் இருப்பன்!"

"இருந்துதான் பாருங்களேன்!"

பழனியாண்டி இருவருக்கும் நடுவே பாய்ந்தார். அதற்குள் ஆட்கள் இருந்த வாங்கில் ஒன்று சரிந்து, றோட்டுக்கரை ஒரு பக்கம், காட்டுக்கரை மறுபக்கம் என்று கடை முழுக்க எழும்பிவிட்டது.