எந்த நாள் ரேட்டில்

மலேசியாவில், கோலா சிலாங்கூர் டவுனில் பணம் மாற்றும் கடை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். காலையில் கடை திறந்ததும் பலகையில் அன்றைய ரேட்டை மாற்றி வைப்பது என் பொறுப்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களில் வேலை செய்பவர்கள் என் முகத்தைப் பார்க்கும் முன்னால் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். நேற்றைய ரேட்டுக்குத் தரக்கூடாதா என்று யாராவது கெஞ்சினால், "நேத்து ரேட்டு நேத்தோட போச்சுலா" என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

என் சித்தப்பா தமிழ்நாட்டில் இருக்கிறார். அவரும் அப்பாவும் இங்கே ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள்தான். குடியுரிமை கிடைக்காமல் தாத்தா ஊருக்குத் திரும்பியபோது சின்ன மகனைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். வேலையில் இருந்த அப்பா இங்கேயே தங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். புக்கிட் ரோத்தானில் மலிவு விலை வீடு ஒன்று கிடைத்தது. முன்பணம் கட்டத்தான் வழியில்லை. அப்பா இதைச் சித்தப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார், அவ்வளவுதான். பணம் கேட்கவில்லை.

சித்தப்பா தன் உழவு மாட்டு ஜோடியை விற்றார். அந்த ஐந்தாயிரம் ரூபாயை அங்கே ஒருவரிடம் கொடுக்க, அந்த ஆளின் அண்ணன் இங்கே அப்பாவிடம் ரிங்கிட்டாக, எங்கள் பேச்சில் வெள்ளியாக, கொடுத்தார். அதற்குப் பிறகு பல வருடம் சித்தப்பா வாடகை மாடு பிடித்துத்தான் உழுதாராம். அப்பா சாகும்வரை இந்தக் கதையை விடவில்லை. அந்த வீட்டில்தான் இன்றும் நான் குடியிருக்கிறேன்.

போன வருடம் சித்தி வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தார். சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் உதவு தாயி என்று. நான் கடைக் கால்குலேட்டரை எடுத்தேன். அன்றைக்குப் பலகையில் ஒரு வெள்ளி இருபது ரூபாயைத் தாண்டியிருந்தது. ஐந்தாயிரத்தை வகுத்துப் பார்த்தால் இருநூற்றைம்பது வெள்ளிகூட இல்லை. இதற்கா இந்த மனிதர் இத்தனை வருடம் உருகினார் என்று செத்துப்போன அப்பாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை, வாய்விட்டே சிரித்தேன்.

பத்தாயிரம் ரூபாய் அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சித்தப்பாவைக் கூப்பிட்டு, கடையில் மற்றவர்களும் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினேன்.

"சித்தப்பா, அப்பாவுக்கு நீங்க குடுத்தது அஞ்சாயிரம். நான் டபுளா போட்டிருக்கேன். கடன்னு ஒண்ணு நமக்குள்ள இருக்கக் கூடாது பாருங்க."

அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா, "நல்லாரு தாயி" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ரூபாய் ரேட் இந்த வருடம் எப்படி ஏறி இறங்கியது என்று ஒருவர் கேட்டார். கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அவர் போன பிறகு, வேலையில்லாத கை, அந்தக் கோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனேன். நாங்கள் லயத்தைவிட்டு வெளியேறிய வருடத்தில் வந்து நின்றது. அன்றைக்கு ஒரு வெள்ளிக்கு ஐந்து ரூபாய்.

அப்படியானால் அப்பா கையில் வாங்கியது ஆயிரம் வெள்ளி. பால்மரம் சீவி நாளுக்குப் பத்து வெள்ளி பார்த்த மனிதருக்கு அது நான்கு மாதச் சம்பளம். அதுவாவது இந்தப் பக்கத்துக் கணக்கு. அந்தப் பக்கம் இன்றைக்கு ஒரு ஜோடி உழவு மாடு லட்சத்துக்குக் குறைந்து வராது. நான் டபுளாக அனுப்பிய காசில் கன்றுக்குட்டி வாங்குவதே கஷ்டம்.

தினமும் பலகையில் எண்ணை மாற்றி வைப்பவள் நான். எண் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? மாட்டுக் கதையும் தெரியும். தெரிந்துதான் எனக்குத் தோதான நாளை எடுத்து வைத்துக்கொண்டு வகுத்தேன்.

மறுநாளே மிச்சத்தை அனுப்பியிருக்க வேண்டும். சம்பளம் வரட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப் போட்டேன். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

தீபாவளி முடிந்த வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். சித்தப்பாவின் ஊர்க்காரர், இங்கே முடிதிருத்தும் கடையில் வேலைக்கு வந்திருக்கிறாராம். கண்ணாடிக்கு அடியில் ஒரு உறையைத் தள்ளினார். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

"அஞ்சாயிரம்தான் குடுத்தேன், அது வந்து சேந்துருச்சு. மீதி பிள்ளையோடதுன்னு உங்க சித்தப்பா குடுத்துவிட்டாருக்கா."

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

அவர் தயங்கினார். "கூடப்பொறந்தவன்கிட்ட வட்டி வாங்குற பழக்கமில்லைன்னு சொல்லச் சொன்னாரு."

"கோவமாவா?"

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண், மாற்ற வந்த பணம் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே சித்தப்பாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். ஒரு லட்சம் போடுகிறேன், இரண்டு கண்ணையும் நல்ல ஆஸ்பத்திரியில் பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவரோ, இலவச முகாமில் ஒரு கண்ணை முடித்துவிட்டார்கள், இன்னொன்று அடுத்த முகாமில் என்றார். மழை எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். உறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது நான் எவ்வளவு கொடுத்தாலும் அது கடன் பாக்கி. பாசத்தில் தருகிறேன் என்றால், முதல் தடவை அந்தப் பாசம் எங்கே போனது? மழையைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் மட்டும் சொன்னேன்.

"சரி தாயி, வச்சிரு. அங்கருந்து பேசினா உனக்குக் காசு ஏறும்" என்றார்.

வாட்ஸாப்பில் பேசக் காசு ஏறாது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.