பாக்கியம் அக்கா கேட்ட ஒரு 'பொருட்டு'

பாக்கியம் அக்கா போயிட்டாங்க.

காலையில அவங்க மகன் தேவா வட்டவளையில இருந்து போன் பண்ணினான். "மாமா, அம்மா..." அதுக்கு மேல அவனால முடியல. மிச்சத்தை அவன் மனைவிதான் போனை வாங்கிச் சொன்னா.

மனசே சரியில்ல. பேரன் போன்ல ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு இருக்கேன்... பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

இதைப் படிக்கிற நிறைய பேருக்கு அக்காவைத் தெரியாது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போற அம்மாமாரோட கைக்குழந்தைகளை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல வச்சு வளர்த்தவங்க. சொந்தத் தம்பி இல்லாட்டியும் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க.

அறுபதுகளோட ஆரம்பம். நான் அந்தத் தோட்டத்துச் சர்ச்சுல உபதேசியார். இளவட்டம். சனிக்கிழமையானா ரயிலேறி ஹட்டனுக்குப் போவேன். அங்க சர்ச் போதகர், நாங்க ஐயர்னு கூப்பிடுறவர், எங்களுக்கு புதிய ஏற்பாட்டோட மூல பாஷையான கிரேக்கம் சொல்லிக் குடுத்தார்.

மொதல்ல சின்னச் சின்னச் சொல்லுதான். கை-ன்னா 'உம்'. கார்-ன்னா 'ஏன்னா'. ஹினா-ன்னா 'பொருட்டு'. "பெரிய சொல்லை டிக்ஷனரியில பார்த்துக்கலாம்பா, இந்தப் பொடிசுங்கதான் ஆளைக் குப்புறத் தள்ளும்"னு ஐயர் சொல்லுவார்.

எனக்கு அது எக்ஸாம் பாடம். அக்காவுக்கு அப்படி இல்ல.

தேவாவுக்கு அப்ப நாலு வயசு. பொறந்ததுல இருந்தே ரெண்டு கண்ணுலயும் வெள்ளைப் படலம். "கொழும்புக்குக் கொண்டு போங்க, ஆபரேஷன் பண்ணலாம். ஆனா லேட்டாக்காதீங்க"ன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சொல்லிட்டார்.

அக்கா புருஷன் ஏசுதாசன் அண்ணன் விடல.

காரணம், கினிகத்தேனையில நடந்த ஒரு ஜெபக்கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருத்தர் தேவா தலையில கைய வச்சு, சுவிசேஷத்துல வர்ற பிறவிக் குருடன் கதையை எடுத்தார். அவன் அப்படிப் பொறந்தது யாரோட பாவத்தாலயும் இல்ல, கடவுளோட செயல் அவன்கிட்ட வெளிப்படும் பொருட்டுத்தான்னு சொன்னார்.

"இந்தப் பிள்ளையும் அதுக்குத்தான். மனுஷன் கத்தி படக்கூடாது. காத்திருங்க."

அண்ணன் கெட்டவர் இல்ல. பிள்ளைமேல உயிரையே வச்சிருந்தார். கத்தி பட்டு பிள்ளையே போயிட்டான்னா... அந்தப் பயத்துல அந்த ஒரு சொல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

மறுநாள் அக்கா நான் தங்கியிருந்த காம்பரா வாசல்ல வந்து நின்னாங்க. அழுது அழுது முகம் வீங்கியிருந்துச்சு.

"தம்பி, நீங்க படிக்கிற பாஷையில அந்தப் பொருட்டு நெசமா இருக்கா? இல்ல, தமிழ்ல நம்ம ஆளுங்க சேர்த்ததா?"

"இருக்குக்கா."

"காட்டுங்க."

காட்டினேன். கிரேக்கத்துல மூணே எழுத்து. அதுமேல வச்ச விரலை அக்கா எடுக்கவே இல்ல. "இம்புட்டுக்காணும்... இதுக்கா எம்புள்ள கண்ணைக் குடுக்கணும்?"

அதுக்கப்புறம் வேலை முடிஞ்சா என்கிட்ட கிரேக்கம் படிக்க வந்துருவாங்க. பிள்ளைக் காம்பராவுல தொட்டிலை ஆட்டிக்கிட்டே, "கார்... ஏன்னா. ஹினா... பொருட்டு"ன்னு முணுமுணுப்பாங்க. ஒவ்வொரு ஹினாவையும் காட்டி, "இது வேணும்னே செஞ்சதா தம்பி, தானா நடந்ததா?"ன்னு கேப்பாங்க. பாதிக்கு மேல எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை தேவாவை இடுப்புல வச்சுக்கிட்டு என்கூடவே ஹட்டனுக்கு வந்து, பிரசங்கியார் சொன்ன அந்தப் பொருட்டைப் பத்தி ஐயர்கிட்டயே கேட்டாங்க.

ஐயர் கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு வேதாகமத்தைப் புரட்டினார். அப்புறம் சொன்னார்...

"அம்மா, நிச்சயமா எனக்கே தெரியாது. தமிழ்ல 'இப்படிப் பிறந்தான்'னு வருதே, அது கிரேக்கத்துல இல்ல. பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இப்ப இருக்கிற மாதிரி முற்றுப்புள்ளியும் கிடையாது. அந்தப் பொருட்டை பின்னாடி வர்றதோடயும் சேர்க்கலாம்னு சில பேர் சொல்றாங்க."

"பின்னாடி என்ன வருது?"

"பகல் இருக்கும்போதே நாம வேலை செய்யணும்னு வருது."

அக்கா நெத்தியைச் சுருக்கி யோசிச்சாங்க. "அப்ப, கடவுளோட செயல் வெளிப்படும் பொருட்டு நாம வேலை செய்யணும்... இப்படியும் வாசிக்கலாமாங்க?"

"வாசிக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் வேணாங்கய்யா."

அன்னைக்குச் சாயந்தரம் லயத்து வீட்டுல அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "ஐயர் உறுதியாச் சொன்னாரா?"

நான் பக்கத்துலதான் நிக்கிறேன். ஆமான்னு அக்கா ஒரு பொய் சொல்லியிருந்தா அண்ணன் சம்மதிச்சிருப்பார்...

"இல்ல. அவருக்கும் தெரியாதாம். அந்தப் பிரசங்கியாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாத ஒண்ணுக்காக எம்புள்ளைய இருட்டுல வைக்க மாட்டேன்."

அண்ணன் எந்திரிச்சு வெளிய போயிட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தனியா கொழும்பு ரயில் ஏறிட்டாங்க. சிங்களம் அரைகுறை. கொழும்பை அதுக்கு முன்னாடி கண்ணால பார்த்ததில்ல.

ஆபரேஷன் நடந்துச்சு. ஒரு கண்ணு தேறவே இல்ல. மத்ததுல வெளிச்சம், நிழல், ரொம்பக் கிட்ட வந்தா ஆள் உருவம்... அவ்வளவுதான். கைக்குழந்தையா இருக்கும்போதே கொண்டு வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாராம்.

அவங்க திரும்பி வந்த அன்னைக்கு நானும் அண்ணனும் வட்டவளை ஸ்டேஷன்ல நின்னோம். அண்ணன் பிள்ளை முகத்துக்கு முன்னாடி கைய ஆட்டினார்.

தேவா அந்தக் கையை எட்டிப் பிடிச்சான்.

அண்ணன் அப்படியே பிளாட்ஃபார்ம்ல உக்காந்துட்டார். "முந்தியே... முந்தியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே பாக்கியம்"னு அவர் கதறினது இன்னும் காதுல இருக்கு. அக்கா பிள்ளையை அவர் மடியில விட்டுட்டு, பக்கத்துல உக்காந்தாங்க.

நாளைக்கு அடக்கம். வட்டவளையில நல்ல மழையாம்... எப்படியும் வந்துருவேன் அக்கா.

போயிட்டு வாங்க.