நாக்கு வைத்துப் பார்த்தவன்

நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். முதல் ஆறு மாதம் நானே நம்பவில்லை. ஆனால் என் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது: 2008 ஆகஸ்ட் 15 உள்ளே, 17 வெளியே. நடுவில் நடந்ததற்குத்தான் முத்திரை கிடையாது.

விருத்தாசலத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. என் சிநேகிதன் கோவிந்தராசு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சூளை வைத்திருக்கிறான். ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கொஞ்சம் யானை பொம்மை. ஆனால் விசிட்டிங் கார்டில் 'இன்டர்நேஷனல்' என்று இருக்கும். அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான். அந்த வார்த்தைக்கு ஒரு ஆதாரம் வேண்டாமா? அந்த வருஷம் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாள் லீவு. திருச்சியிலிருந்து மலிவு டிக்கெட் கிடைத்தது. சிங்கப்பூர் புறப்பட்டோம். ஊரில் 'பிசினஸ் டூர்' என்று சொல்லியிருந்ததால் வழியனுப்ப வந்த ஒருவர் மாலையோடு வந்து நின்றார்.

விமானம் முழுக்க கட்டட வேலைக்குப் போகிற நம் பக்கத்துப் பையன்கள். பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான்.

"அண்ணே, எந்த ஊரு?"

"சென்னை," என்றான் கோவிந்தராசு. கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவில், எங்கள் லாட்ஜ் இருந்த சந்து. மணி 7:40. சந்து முனையில் யாரோ சீனர்கள் நடைபாதையிலேயே படையல் வைத்திருந்தார்கள். மெழுகுவத்தி, ஆரஞ்சுப் பழம், தகர டப்பாவில் எரிகிற காகிதம். முன்னால் ஒரே ஒரு சின்னப் பீங்கான் கோப்பை. அதில் டீ.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடோ, கவர்னர் விருந்தோ, கையில் பீங்கான் கிடைத்தால் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்போம். அங்கே பளபளப்பு பூசாத வளையம் ஒன்று இருக்கும். அதில் நாக்கை வைத்துப் பார்ப்பார்கள் சூளைக்காரர்கள். நாக்கு ஒட்டினால் சரியாக வேகவில்லை. ஒட்டவில்லை என்றால் நல்ல வேக்காடு.

நான் தடுப்பதற்குள் கோவிந்தராசு குனிந்தான். கோப்பையை எடுத்தான். டீயைத் தரையில் ஊற்றினான். கவிழ்த்தான். நாக்கை வைத்தான்.

எதிர் மளிகைக் கடையிலிருந்து ஒரு தமிழ்க்குரல் அலறியது. "ஐயோ தம்பி! அது செத்தவங்களுக்கு வச்சது! இன்னிக்குத்தான் அவங்க வர்ற நாளு!"

"டீதானங்க? நான் வேணா ஒரு டீ வாங்கி ஊத்திடறேன்," என்றான் கோவிந்தராசு. கோப்பையைக் கவிழ்த்தபடியே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஒட்டுதுடா."

"என்னது?"

"நாக்கு ஒட்டுது. பிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா தட்டுனா மணி மாதிரி சத்தம் கேக்குது. நல்லா வெந்த சாமான். எப்படி ஒட்டும்?"

அதுதான் முதல் தப்பு. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மணி 8:15. கோவிந்தராசு ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். 8:30-க்கு இன்னொன்று. 9 மணிக்குள் ஐந்து.

"என்னடா இது?"

"ஏசி. ஃபாரின் ஏசி அப்படித்தான் இழுக்கும்."

பத்தரை வரைக்கும் அவனைக் கவனித்தேன். ஒன்பது பாட்டில் உள்ளே போயிருந்தது. ஒரு தடவைகூட அவன் பாத்ரூம் போகவில்லை.

விளக்கை அணைத்துப் படுத்தோம். 11:20-க்கு விழிப்பு வந்தது. பாத்ரூமில் குழாய் ஓடும் சத்தம். கூடவே...

மடக்... மடக்... மடக்...

குழாயில் வாய் வைத்துக் குடிக்கிற சத்தம்.

"டேய், இன்னுமாடா தாகம்?" என்றேன் தூக்கக் கலக்கத்தில்.

"ம்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சரி என்று புரண்டு படுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்தராசு படுத்திருந்தான். வாயைத் திறந்து, குறட்டை விட்டபடி.

மடக்... மடக்...

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். குழாய் எப்போது நின்றது என்று தெரியாது.

சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். புது டீ வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணம். அங்கே ஒன்றும் இல்லை. மெழுகு சிந்திய கறை மட்டும்.

"நேத்தோட சரி. விடியக்காலையே அள்ளிட்டுப் போயிட்டாங்க," என்றார் மளிகைக்காரர். கோவிந்தராசுவின் முகத்தைப் பார்த்தார். கடைக்குள் போய்விட்டார்.

அவன் உதடு வெளுத்திருந்தது. நாக்கு வெயிலில் காய்ந்த களிமண் மாதிரி பாளம் பாளமாக. ஆனாலும் சிங்கச் சிலை முன்னால் கோட்டு போட்டு போட்டோ எடுத்துக்கொண்டான். போட்டோவுக்குச் சிரித்தபோது உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை.

மதியம் ஒரு கிளினிக். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். எத்தனை பாட்டில் குடித்தான் என்று சொன்னேன். அவர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உதடு வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் இவன் பிழைக்க மாட்டான். எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும்.

"பூவராகா," என்றான். வாய் திறப்பதே கஷ்டமாக இருந்தது. "என்னை எப்பிடியாவது ஊருல கொண்டுபோய் சேத்துடு."

அன்றிரவு நான் விளக்கை அணைக்கவில்லை.

2:15. குழாய் திறந்தது.

நான் அசையவில்லை.

குழாய் நின்றது.

பாத்ரூம் கதவுக்குப் பின்னால்... ரொம்பப் பக்கத்தில்... ஒரு இளம் குரல். எங்கள் ஊர்ப் பேச்சு.

"அண்ணே... வூட்டுக்கு எப்பண்ணே போறோம்?"

ஞாயிறு இரவு திருச்சியில் இறங்கினோம். டிரைவர் சுப்புராயன் காரோடு நின்றான். பின் சீட்டில் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் போட்டேன். பெரம்பலூர் வருவதற்குள் காலி. தொழுதூரில் திரும்பி, திட்டக்குடி தாண்டினோம். மணி 1:50.

"நிறுத்து," என்றான் கோவிந்தராசு.

இருட்டு. பேர் தெரியாத ஊர். அவன் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

"இடது கைப்பக்கம் மூணாவது வூடு," என்றான்.

அவன் 'வூடு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'இன்டர்நேஷனல்' ஆன பிறகு அவனுக்கு எல்லாமே 'ஹவுஸ்'.

அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாய் ஒன்று எங்களைப் பார்த்தது. குரைக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி பின்வாங்கியது.

மூன்றாவது வீடு. விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

வாசலில் ஒரு அம்மா. கையில் சொம்பு.

யார் என்று கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. சொம்பை நீட்டினாள்.

கோவிந்தராசு குடித்தான். கடைசிச் சொட்டு வரை.

"போதும்மா," என்றான்.

குரல் அவனுடையது இல்லை.

அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் காருக்குத் திரும்பினோம். அவன் உதட்டில் சொட்டு ரத்தம் கசிந்தது. நிறம் வந்தது. அடுத்த ஐந்து கிலோமீட்டருக்குள் கார் நான்கு தடவை நின்றது. மூன்று நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் ரோட்டோரப் புளியமரங்களுக்குப் பாய்ச்சினான் 'இன்டர்நேஷனல்' எம்.டி.

மறு வாரமே தொழிற்பேட்டையில் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஜெட் லாக்குங்க. அடிக்கடி ஃபாரின் போனா அப்பிடித்தான்." அங்கேக்கும் இங்கேக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம்.

2009 பிப்ரவரி. திட்டக்குடியில் ஒரு கல்யாணம். பட்டப்பகல் என்ற தைரியத்தில் அந்த ஊருக்குப் போனேன். இடது பக்கம் மூன்றாவது வீடு. அந்த அம்மா பேர் தங்கம்மாள். சுவரில் மாலை போட்ட படம். இருபத்திரண்டு வயசுப் பையன்.

"எம் மவன் தம்பி. சிங்கப்பூர்ல பள்ளம் தோண்டுறப்ப மண்ணு சரிஞ்சு மூடிடுச்சு. போன ஜூன் மாசம். நாலு மணி நேரம் உசுரோட கெடந்தானாம். தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தானாம். பொட்டியில போட்டு அனுப்புனாங்க. தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

எனக்கு நாக்கு உலர்ந்தது.

"அன்னிக்கு... நாங்க வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணான். 'ரெண்டு நம்மூர் ஆளுங்க கெடச்சிருக்காங்கம்மா, கார்ல கூட்டியாராங்க, தண்ணி எடுத்து வை'ன்னான்."

"அம்மா... அவர் ஜூன்லயே..."

"தெரியும் தம்பி. கொள்ளி வச்சது எனக்குத் தெரியாதா? ஆனா புள்ள தண்ணிதான கேக்குறான்?"

நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தாள்.

"எம் மவன் வந்து சேந்துட்டான். அவனோட மண்ணுல பொதஞ்ச இன்னொரு புள்ளயும் இருக்குது. அரியலூர்ப் பக்கம். போன வாரம் அவன் போன் பண்ணான். 'அந்த அண்ணனுங்க திரும்ப எப்ப வருவாங்க'ன்னு கேட்டான். உங்க நம்பரு குடுத்துட்டுப் போறீங்களா?"

எனக்கு போனே இல்லை என்று சொன்னேன். சட்டைப் பையில் போன் கனத்தது.

தங்கம்மாள் சிரித்தாள்.

"பரவால்ல தம்பி. அந்தக் கோட்டு போட்ட தம்பி நம்பரு அவங்கிட்ட இருக்குதாம். தெனம் பேசிக்கிட்டுதான் இருக்காங்களாம்."